மெல்ல மாறும் விண்மீன்களும் வைணு பாப்புவும்

தமிழ்நாட்டு வரைபடத்தில் காரைக்குடியின் மேல் ஓர் அளவுகோலை வைத்து நேர் மேற்காக ஒரு கோடு இழுத்தால் அது ஏறத்தாழ கொடைக்கானலைத் தொடும். அதே இடத்திலிருந்து நேர் வடக்காக இழுத்தால், கோடு புதுக்கோட்டையைக் கடந்து, திருச்சியையும் கல்வராயன் மலையையும் ஒட்டிச் சென்று, ஏறக்குறைய 280 கிலோமீட்டர் தொலைவில் ஜவ்வாது மலையின் காவலூரைச் சேரும். மேற்குக் கோட்டின் முனையில் சூரியனை ஆராயும் நூற்றாண்டு கடந்த வானாய்வகம். வடக்குக் கோட்டின் முனையில் இரவு வானத்தை ஆராயும் வானாய்வகம். முதலாவதற்குப் புத்துயிர் கொடுத்தவரும் இரண்டாவதை உருவாக்கியவரும் ஒருவரே. அவர் வைணு பாப்பு.

காரைக்குடியும் காவலூரும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால், எந்த விண்மீனும் இரண்டு ஊர்களிலும் சில விநாடி வேறுபாட்டில் உச்சியைக் கடக்கும். செட்டிநாட்டு வீடொன்றின் வளவில் நின்று அண்ணாந்து பார்ப்பவரின் தலைக்கு மேலே செல்லும் விண்மீன், அதே நேரத்தில் காவலூர்த் தொலைநோக்கியின் முன்னும் சென்றுகொண்டிருக்கும். மே மாத நள்ளிரவில் அவ்வாறு உச்சிக்குச் சற்று வடக்கே கடந்து செல்லும் ஒரு மங்கலான விண்மீனின் பொருட்டே பாப்புவை இப்போது நினைக்க நேர்கிறது.

சுவாதிக்கு வடகிழக்கே அரைவட்டமாக அமைந்த சிறு கூட்டத்திற்கு வடமகுடம் என்று பெயர். அதன் விளிம்பில் இருக்கிறது டி கொரோனே பொரியாலிஸ். ஏறக்குறைய 3,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள இது வழக்கமாகப் பத்தாம் பிரகாச நிலையில் இருப்பதால் வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. 1866 மே மாதத்தில் ஓரிரவில் அது துருவ நட்சத்திரத்துக்கு இணையாகச் சுடர்விட்டது. சில நாள்களில் மங்கி மறைந்தது. 1946 பிப்ரவரியில் மீண்டும் அவ்வாறே நிகழ்ந்தது. இடையில் கழிந்தவை 80 ஆண்டுகள். மூன்றாவது வெடிப்பை 2024 முதலே உலகெங்கும் வானியலாளர்கள் எதிர்பார்க்கத் தொடங்கினர்.

பத்தாம் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு ஏறுவது என்றால் சுமார் 1,600 மடங்கு பிரகாசம் கூடுவது என்று பொருள். இந்தக் கணக்கைச் சாத்தியமாக்கும் அளவுகோலை 1856-இல் வகுத்த நார்மன் போக்சன், 1861 முதல் 1891-இல் இறக்கும் வரை சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில்தான் பணியாற்றினார். மாறும் விண்மீன்களைத் தொடர்ந்து குறித்துவைக்கும் பழக்கம் தமிழ்நாட்டுக்கு இறக்குமதிச் சரக்கு அன்று; அதற்கு இங்கே ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு.

டி கொரோனே பொரியாலிஸ் உண்மையில் ஒரு விண்மீன் அன்று; இரண்டு. ஒன்று முதுமையில் பருத்துக் குளிர்ந்த செம்பெருமீன். மற்றொன்று எரிந்து முடிந்து சுருங்கிய வெண்குறுமீன்; பூமியின் பருமனும் ஏறத்தாழ சூரியனின் எடையும் கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று 227 நாள்களுக்கு ஒருமுறை சுற்றுகின்றன. செம்பெருமீன் இழக்கும் வாயுவை வெண்குறுமீன் தன்பால் இழுத்துக்கொள்கிறது. இத்தகைய இணைகளின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால், குளிர்ந்த விண்மீனின் அடையாளங்களும் மிகுந்த வெப்பத்தில் மட்டுமே தோன்றக்கூடிய ஒளிக்கோடுகளும் ஒரே பட்டையில் அருகருகே தெரியும். ஒரே பொருள் ஒரே நேரத்தில் குளிர்ந்தும் கொதித்தும் இருக்க முடியுமா என்று வானியலாளர்கள் நெடுநாள் குழம்பினர். மவுண்ட் வில்சன் வானாய்வகத்தைச் சேர்ந்த பால் மெரில், உயிரியலிலிருந்து சொல்லெடுத்து இவற்றுக்குக் கூட்டுவாழ்வு விண்மீன்கள் என்று பெயரிட்டார். பாசியும் பூஞ்சையும் பாறைமேல் ஒன்றி வாழ்வதைப் போன்றது என்பது உவமை. ஒன்று கொடுக்க மற்றொன்று எடுத்துக்கொண்டே இருக்கும் இந்த உறவுக்கு அப்பெயர் சற்றுப் பெருந்தன்மையானதுதான்.

இவ்விணைகளின் குணம், நிலையாக இராமை. வாயு வரத்து கூடும், குறையும். அதற்கேற்ப ஒளியும் ஏறும், இறங்கும். அந்த ஏற்றஇறக்கம் ஆண்டுக்கணக்கில், சில சமயம் பல பத்தாண்டுகளாக நடக்கும். வெண்குறுமீனின் மேற்பரப்பில் போதுமான ஹைட்ரஜன் சேர்ந்துவிட்டால் அது அணுக்கருத் தீயாக ஒரேயடியாக வெடிக்கும், அதுவே நோவா. சிக்னஸ் கூட்டத்திலுள்ள சி.எச். சிக்னி இன்னும் விந்தையானது. சாதாரணச் செம்பெருமீன் எப்படி இருக்கும் என்பதற்கு மாதிரியாகவே அதை வானியலாளர்கள் எடுத்துக்காட்டிவந்தனர். 1963-இல் அதன் நிறமாலையில் திடீரென நீல ஒளி தோன்றியது. ஒளிந்திருந்த துணை விழித்துக்கொண்டது. 1980-களில் அது வாயுவைத் தாரையாகப் பீய்ச்சியடித்தது. முன்னைய நிறமாலைப் பதிவுகள் இல்லாதிருந்தால் அது மாறியது என்பதையே எவரும் அறிந்திருக்க முடியாது.

இந்த வகை வானியலுக்கு வேண்டியது ஒரு சிறந்த இரவு அன்று. ஆயிரக்கணக்கான சாதாரண இரவுகள். பாப்புவின் வாழ்க்கையை அந்தக் கோணத்தில் படிக்கும்போதுதான் அதன் முழு வடிவம் தெரிகிறது.

மனாலி கல்லாட் வைணு பாப்பு 1927 ஆகஸ்ட் 10 அன்று சென்னையில் பிறந்தார். குடும்பத்தின் வேர் கண்ணூரில். தந்தை ஐதராபாத்தின் நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். எனவே தொலைநோக்கி அச்சிறுவனுக்கு வீட்டுப் பொருள் போலவே இருந்தது. கல்லூரி மாணவனாக இருக்கும்போதே மாறும் விண்மீன்களை இரவுதோறும் அளந்து, அந்த அளவீடுகளைக் கட்டுரையாக வெளியிட்டார். வடமகுடத்து விண்மீன் இரண்டாம் முறை வெடித்த 1946 பிப்ரவரியில் அவருக்கு வயது 18. பட்டம் பெறுமுன்பே ஒருவர் வானியலில் கட்டுரை எழுதுவது அக்கால இந்தியாவில் அரிது. அதைவிட அரிது, எவரும் கட்டாயப்படுத்தாமல் தினமும் குறிப்பேட்டைத் திறக்கும் ஒழுக்கம்.

ஐதராபாத் அரசின் உதவித்தொகையில் 1949-இல் அமெரிக்காவின் ஹார்வர்டுக்குச் சென்றார். சென்ற சில மாதங்களிலேயே, ஜூலை 2 அன்று, தாம் எடுத்த ஒளிப்படத் தட்டில் புதிய வால்மீன் ஒன்றைக் கண்டார். பார்ட் போக், கார்டன் நியூகர்க் ஆகியோரின் பெயர்களோடு சேர்ந்து அது பாப்பு–போக்–நியூகர்க் வால்மீன் எனப்படுகிறது. இந்தியர் ஒருவரின் பெயரைத் தாங்கும் வால்மீன் என்று பொது அறிவுப் புத்தகங்கள் சொல்வது இதைத்தான். ஆனால், அவருடைய பிற்காலத்தை உருவாக்கியது வால்மீனைவிட அந்தத் தட்டுகள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஹார்வர்டு வானாய்வகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வானம் முழுவதையும் திரும்பத் திரும்பக் கண்ணாடித் தட்டில் படமெடுத்துச் சேமித்தது. அவற்றின் எண்ணிக்கை ஐந்து லட்சத்துக்கும் அதிகம். ஆர்.எஸ். ஓபியூக்கி என்னும் மற்றொரு கூட்டுவாழ்வு இணை 1898-இல் வெடித்ததை, நடந்து முடிந்த சில ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தத் தட்டுகளில்தான் வில்லியமினா பிளெமிங் கண்டெடுத்தார். வெடித்தபோது அதை எவரும் கவனிக்கவில்லை, தட்டு கவனித்திருந்தது.

1952-இல் முனைவர் பட்டம் பெற்ற பாப்பு, கார்னகி நிறுவனத்தின் உதவித்தொகையுடன் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன், பாலோமர் வானாய்வகங்களுக்குச் சென்றார். அங்கே ஓலின் வில்சனுடன் சேர்ந்து செய்த ஆய்வே அவருக்கு நிலைத்த புகழைத் தந்தது. சூரியனைப் போன்ற அல்லது அதனினும் குளிர்ந்த விண்மீன்களின் நிறமாலையில், கால்சியத்தால் உண்டாகும் கே கோடு ஒன்று உண்டு. கருத்த அந்தக் கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று தெரியும். அக்கீற்றின் அகலம் கூடக்கூட, விண்மீனின் உண்மைப் பிரகாசமும் கூடுகிறது என்று இருவரும் நிறுவினர். உண்மைப் பிரகாசம் தெரிந்தால், நமக்குத் தெரியும் பிரகாசத்தோடு ஒப்பிட்டுத் தொலைவைக் கணக்கிடலாம். ஒரு கோட்டின் அகலத்தைக் கொண்டு விண்மீனின் தொலைவைச் சொல்லும் இந்த வழி 1957-இல் வெளியானது. உலகப் பாடநூல்களில் இன்றும் அது வில்சன்–பாப்பு விளைவு.

அமெரிக்காவில் அவர் தங்கியிருந்தால் உலகின் மிகப் பெரிய தொலைநோக்கிகளில் இரவுகள் கிடைத்திருக்கும். அவர் 1953-இல் திரும்பிவிட்டார். அடுத்த ஆண்டே, காசியில் அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்த உத்தரப் பிரதேச வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். தூசும் வெப்பமும் மிகுந்த சமவெளி வானியலுக்கு உதவாது என்று கண்டு அதை நைனிடாலுக்கு மாற்றினார். 1960-இல், முப்பத்து மூன்று வயது நிறையும் ஆண்டில், கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார்.

கொடைக்கானலில் அவருக்குக் கிடைத்தவை பழைய கருவிகளும், விலைமதிப்பற்ற ஒரு சேமிப்பும். சென்னை வானாய்வகத்தின் வாரிசாக 1899-இல் அங்கே பணி தொடங்கியது; சூரியனைத் தினமும் படமெடுக்கும் வழக்கம் அதன்பின் வேரூன்றியது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டு தொட்டு எடுக்கப்பட்டவற்றில், அதே கால்சியம் கே கோட்டின் ஒளியில் பிடித்த சூரியப் படங்களும் உண்டு. தொலைதூர விண்மீன்களில் தாம் படித்த கோடு, அருகிலுள்ள விண்மீனில் நாள் தவறாமல் பதிவாகியிருப்பதைக் கண்டவருக்கு அந்த மலை ஒரு புதையல். பாப்பு புதிய கருவிகளைச் சேர்த்தார், பட்டறையை விரிவாக்கினார், இளைஞர்களைப் பயிற்றுவித்தார். வழக்கத்தை மட்டும் நிறுத்தவில்லை. அந்தச் சேமிப்பு முழுவதும் அண்மைக் காலத்தில் எண்மமாக்கப்பட்டு உலக ஆய்வாளர்களுக்குப் பயன்படுகிறது.

ஆனால், கொடைக்கானலின் பகல் சூரியனுக்கு ஏற்றதாயினும் அதன் இரவு விண்மீன்களுக்கு ஏற்றதன்று. மேகமும் மூடுபனியும் விடுவதில்லை. எனவே 1960-களின் தொடக்கத்தில் அவர் தென்னிந்திய மலைகளில் இடம் தேடினார். கண்டடைந்தது ஜவ்வாது மலையில், வாணியம்பாடிக்குத் தெற்கே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருந்த காவலூர் என்ற சிற்றூர். அது அவ்வளவு உயரமான இடம் இல்லை. பருவமழைக் காலங்களில் வானம் மூடிக்கொள்ளும். அதன் பலம் வேறொன்று: நிலநடுக்கோட்டுக்கு 12.5 பாகை வடக்கே இருப்பதால் வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியும் அங்கிருந்து தெரியும். கொடைக்கானல் பட்டறையிலேயே உருவான 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு 1960-களின் பிற்பகுதியில் அங்கே வேலை தொடங்கியது. 1972-இல் ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அந்தக் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் காட்டிய பதிவுகளுள் காவலூர்ப் பதிவும் ஒன்று.

நிலம் தேடி, காடு மேடு ஏறி, ஒரு பயனும் உடனே கண்ணுக்குத் தெரியாத நிலையில் ஆய்வகம் கட்டுவது என்ன என்பதைச் செட்டிநாட்டவருக்கு விளக்க வேண்டியதில்லை. 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வள்ளல் அழகப்பர் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். மின்வேதியியல் என்ற சொல்லையே அன்று எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பர்? பொட்டல் நிலத்தில் அதை நம்பி முதலிட்ட துணிவும், ஜவ்வாது மலைச் சந்தனக் காட்டில் பாப்பு காட்டிய துணிவும் ஒரே காலத்தின் குணம்.

1971-இல் கொடைக்கானல் வானாய்வகம், இந்திய வான்இயற்பியல் நிறுவனம் என்ற தன்னாட்சி அமைப்பாயிற்று. பின்னர் தலைமையகம் பெங்களூருக்கு மாறியது. பாப்பு அதன் முதல் இயக்குநர். அவர் மனத்தில் அப்போதே இருந்தது 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி. அதை வெளிநாட்டிலிருந்து முழுதாக வாங்கியிருக்கலாம், விரைவாகவும் கிடைத்திருக்கும். இந்தியாவிலேயே வடிவமைத்து, ஆடியை இங்கேயே தேய்த்து மெருகேற்றி, இந்தியத் தொழிற்சாலைகளில் உடற்பகுதியைச் செய்விப்பது என்று அவர் முடிவெடுத்தார். இதனால் பல ஆண்டுகள் கழிந்தன. அந்தத் தாமதத்தைக் குறையாகச் சொல்வோர் உண்டு. கருவியை வாங்கும் நாட்டுக்கும் கருவியைச் செய்யத் தெரிந்த நாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் அறிந்திருந்தார் என்பதே என் கருத்து. மெல்ல மாறும் விண்மீன்களை ஆராய்பவருக்கு இதில் இன்னொரு நியாயமும் உண்டு. வெளிநாட்டுப் பெருந்தொலைநோக்கிகளில் ஆண்டுக்கு மூன்று இரவுகள் கேட்டு வாங்கலாம்; முப்பது ஆண்டுகளுக்கு வாரம் ஓர் இரவு எவரும் தரமாட்டார். அதற்குச் சொந்தத் தொலைநோக்கி வேண்டும்.

அறிவியலுக்கு வெளியே ஓவியமும் உருது கவிதையும் அவருக்குப் பிடித்தவை. 1970-இல் பட்நாகர் விருதும் 1981-இல் பத்மபூஷணும் வந்தன. 1979-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பதவிக்காலத்தின் நிறைவாக 1982 ஆகஸ்டில் கிரேக்க நாட்டின் பாட்ராஸ் நகரில் ஒன்றியத்தின் பேரவை கூடியது. தலைமை தாங்க வேண்டியவர் அப்போது ஜெர்மனியின் மியூனிக்கில் இதய அறுவை சிகிச்சைக்குப் பின் மருத்துவமனையில் இருந்தார். பேரவை நடந்துகொண்டிருக்கும்போதே, ஆகஸ்ட் 19 அன்று, அவர் மறைந்தார். ஐம்பத்தைந்தாம் வயது நிறைந்து ஒன்பது நாள்கள்தான் ஆகியிருந்தன.

பெரிய தொலைநோக்கியை அவர் முழுமையாகப் பார்க்கவில்லை. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் தொடங்கிவைத்தபோது, தொலைநோக்கிக்கும் காவலூர் வானாய்வகத்துக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது.

அதற்கு ஓராண்டுக்கு முன், 1985 ஜனவரியில், ஆர்.எஸ். ஓபியூக்கி மீண்டும் வெடித்தது. காவலூரில் ஏற்கெனவே இருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி அதன் நிறமாலையைப் பதிவுசெய்தது. தொடர்ந்த ஆண்டுகளில் அந்த இணையும் வடமகுடத்து இணையும் அமைதியாக இருக்கும் காலத்தில் எப்படி மாறுகின்றன என்பதைக் காவலூரில் எடுத்த நிறமாலைகளிலிருந்து இந்திய வானியலாளர்கள் ஆராய்ந்து எழுதினர். வெடிக்கும்போது எல்லோரும் பார்ப்பார்கள். வெடிக்காதபோதும் பார்த்துக்கொண்டிருப்பது வேறு வேலை. ஆர்.எஸ். ஓபியூக்கி 2006-லும் 2021 ஆகஸ்டிலும் வெடித்தது. கடைசி முறை, மிக உயர் ஆற்றல் காமா கதிர்களை வெளியிட்டதாகக் கண்டறியப்பட்ட முதல் நோவா என்ற இடத்தையும் பெற்றது. இதற்குள் பாப்புவின் நிறுவனத்துக்கு லடாக்கின் ஹான்லேயில் இரண்டு மீட்டர் தொலைநோக்கியும் சேர்ந்திருந்தது.

வடமகுடத்து விண்மீன் வெடிக்கும் காலம் நெருங்குகிறது என்று கணித்ததும் பழைய குறிப்பேடுகளை வைத்துத்தான். 1946 வெடிப்புக்கு முன்பு பல ஆண்டுகள் அது வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல் ஒளியோடு இருந்தது, பிறகு மங்கியது, பிறகு வெடித்தது. ஆர்வலர்கள் இரவுதோறும் கண்ணால் மதிப்பிட்டு எழுதிவைத்த எண்கள் அவை. 2015-ஐ ஒட்டி அந்தக் கூடுதல் ஒளி மீண்டும் தோன்றியது, 2023-இல் மங்கியது. அதனால்தான் எதிர்பார்ப்பு தொடங்கியது. இத்தகைய மதிப்பீட்டை இன்றும் சிறு தொலைநோக்கி வைத்திருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் செய்யலாம். 1911 முதல் இயங்கும் அமெரிக்க மாறும் விண்மீன் நோக்கர் கழகம் உலகின் எந்த மூலையிலிருந்தும் அதைப் பெற்றுக்கொள்கிறது.

மாணவர் இருக்கலாம், தொலைநோக்கியும் இருக்கலாம். இருட்டு இருக்குமா என்பதே கேள்வி. காரைக்குடியின் தெருக்களில் வெண்ணிற விளக்குகள் வந்தபின் மொட்டை மாடியிலிருந்து வடமகுடத்தின் அரைவட்டத்தை முழுதாகக் காண்பது கடினமாகிவிட்டது. இது செட்டிநாட்டுக்கு மட்டுமான சிக்கல் இல்லை. ஜவ்வாது மலையின் அடிவாரத்திலும் ஊர்கள் வளர்கின்றன, வளர வேண்டியவைதான். விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. வானை நோக்கிச் சிதறும் ஒளிக்கு மூடி போட்டுத் தரையை நோக்கித் திருப்பினால் மின்சாரமும் மிச்சம், இருட்டும் மிச்சம். ஹான்லேயைச் சுற்றியுள்ள பகுதியை லடாக் நிர்வாகம் 2022 டிசம்பரில் இருள்வான் காப்பகமாக அறிவித்தது; அங்குள்ள சிற்றூர் மக்களே வானத்தைக் காட்டும் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றனர். காவலூரைச் சுற்றிய மலைப்பகுதிக்கும் அத்தகைய பாதுகாப்பைத் தமிழ்நாடு அரசு வழங்க வேண்டும். அதற்குத் தேவைப்படும் செலவு, ஒரு தொலைநோக்கியின் ஆடியைத் தேய்க்க ஆன செலவில் சிறு பங்குகூட இராது.

1972-இல் வந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி காவலூரில் இன்னும் இருக்கிறது. அதன் முன்னால் வடமகுடத்து இணை, 227 நாள்களுக்கு ஒரு சுற்றாக, 1946-க்குப் பிறகான தன் நூற்று இருபத்தைந்தாம் சுற்றையும் கடந்து சென்றுவிட்டது.